மாமியார் வீட்டுக்குப் போய்வரும் துப்பாக்கி

ஏலக்காய் சலிக்கும் மெஷினுக்கு இன்று காலை எண்ணெய் விட்டார்கள். அண்ணன் கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சல்லடையில் உருளும் காயின் வாசனையும் புது எண்ணெயின் வாசனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தன. ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். இந்த இரண்டு வாசனையும் சேர்ந்து குடியிருக்கிற இடம் உலகத்தில் இன்னொன்று உண்டு. எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் அடிக்கட்டை.

யுத்தத்துக்கென்று செய்த துப்பாக்கி அது. தோளில் முட்டுக்கொடுக்கிற கட்டையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு குட்டிக் கதவு. நகத்தால் நெம்பினால் டக்கென்று திறக்கும். உள்ளே விரல் நுழையும்படி ஒரு பொந்து. அந்தக் காலத்துச் சிப்பாய் அதற்குள் எண்ணெய்க் குப்பியும், துணியைக் கோத்துக் குழலுக்குள் விட்டு இழுக்கிற கயிறும் வைத்திருப்பான். அத்தா அவற்றோடு ஏலக்காயையும் போட்டு வைத்தார். தோட்டத்தில் பன்றிக்குக் காவல் இருக்கும்போது பீடி பற்றவைத்தால் நெருப்பு காட்டிக்கொடுக்கும். இருமல் வந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். ஏலக்காயை மென்றுகொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. பக்கத்து வீட்டில் ஆத்தா என்றால் அம்மா. ஒரு நெடிலில் அப்பாவும் அம்மாவும் மாறிவிடுகிற தெரு எங்களுடையது.

குரங்கணிக்கு மேலே காப்பியும் ஏலமும் வைத்திருந்த ஒருவர் மலையே வேண்டாமென்று இறங்கிப்போனபோது, அந்தத் தோட்டத்தில் ஒரு துண்டும் இந்தத் துப்பாக்கியும் அத்தாவிடம் வந்தன. பட்டாளத்துத் தோட்டா போடுகிற துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்கச் சட்டம் விடாது. அதனால் பழைய குழலைக் கழற்றிவிட்டு, துளை சற்றுப் பெருத்த வேறு குழலை மாட்டித்தான் அதை வீட்டு வாழ்க்கைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"த்ரீ நாட் த்ரீயாப் பொறந்துச்சு. கட்டிக்குடுத்த பெறகு பேரு மாறிருச்சு" என்பார் அத்தா.

எந்தப் போர்முனைக்குப் போனது, யார் தோளில் தொங்கியது, ஒன்றும் தெரியாது. கன்னம் வைக்கிற இடத்தில் மரத்தில் ஒரு சின்ன வளைவு கீறப்பட்டிருக்கிறது. அண்ணன் அதைப் பிறை என்பான். தோட்டத்து மேஸ்திரி அரிவாள் என்பார். வெறும் கீறல், சும்மா இருக்க முடியாத எவனோ ஒருவன் கீறியது என்பார் அத்தா. சும்மா இருக்க முடியாத ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் பாதி நாள் போடியிலும் பாதி நாள் தோட்டத்திலும், மிச்ச நேரம் இரண்டுக்கும் நடுவே ஜீப்பில் குலுங்கிக்கொண்டும் இருக்கிறவள் நான். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் இப்போதும் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்கிறேன். அந்தக் கீறலை எத்தனையோ முறை விரலால் தடவியிருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் சாவு நின்றுகொண்டிருக்கும்போது, கையில் இருக்கிற ஆணியால் மரத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பையன். எனக்கு அவனைத் தெரியும் போலவே இருக்கும்.

எங்கள் ஊரில் தேர்தல் அறிவித்ததும் இரண்டு காரியம் நடக்கும். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பி வரும். ஸ்டேஷனுக்கு மாமியார் வீடு என்று பேர் வைத்த பாஷை நம்முடையது. அத்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். போகிற நாளன்று காலையிலேயே துப்பாக்கியைக் குளிப்பாட்டுவார். குழலுக்குள் கயிறு இழுப்பது, பின்னால் இழுத்துத் திறக்கிற போல்ட்டுக்கு எண்ணெய் தடவுவது, மரத்தைத் துணியால் மெருகு ஏற்றுவது எல்லாம் என் சோலி. விவரம் தெரிந்த நாளிலிருந்தே அது என் சோலிதான். பிறகு அம்மாவின் பழைய பூப்போட்ட சேலையில் சுற்றுவார். கடைசியாகப் பித்தளைக் கதவைத் திறந்து புதுக் காய் கொஞ்சம் போடுவார்.

"வெறுங்கையோட அனுப்பப்படாதுல்ல."

ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் "மறுவீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கிளம்புவார். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்து முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான். பொந்தில் எண்ணெய்க் குப்பி இருக்கும், கயிறு இருக்கும், காய் ஒன்றுகூட இருக்காது.

"நல்ல மாமியாதான். சீரத் தின்னுப்புட்டு வெறும் பொண்ண அனுப்புறா."

போன தேர்தல் முடிந்து மறுவீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கை நடுக்கம். தேநீர் டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குத்தான். ஸ்டேஷனில் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்த ஏட்டய்யா அந்தக் கையைப் பார்த்துவிட்டார்.

"பாய், வருத்தப்படாதீக. அடுத்த தடவ உங்க பேருல புதுப்பிக்க மாட்டாக. வாரிசு பேருக்கு மாத்திக்கங்க. இல்லேன்னா பொண்ணு இங்கனயேதான்."

"இங்கனயேன்னா?"

"கொஞ்ச நா இருக்கும். அப்பறம் மேல கேப்பாக, அனுப்பிருவோம். அங்க நசுக்கி உருக்கிருவாக பாய்."

அத்தா சேலையின் மடிப்பைச் சரி செய்தார். சரியாக இருந்ததையே திரும்பச் சரி செய்தார்.

"எம்பேருக்கு மாத்தலாமா சார்?" என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டது நான் என்று தெரிந்தது.

ஏட்டய்யா என்னைப் பார்க்காமல் அத்தாவைப் பார்த்தார். "பாப்பாவுக்குச் சுடத் தெரியுமா?"

"தொடைக்கத் தெரியும்" என்றார் அத்தா.

பக்கத்து மேஜைக்காரர்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஏட்டய்யா வழி சொன்னார். ரைபிள் கிளப்பில் சுட்டுக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாரிசு இரண்டு பேர் இருப்பதால், மற்றவர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஸ்டேஷனுக்கு வந்து சொல்ல வேண்டும். அண்ணன் சொல்ல வேண்டும். அவன் சொல்லாவிட்டால் உருக்கு உலை.

எதற்காக எனக்கு அது வேண்டும் என்று அன்றைக்கு ஜீப்பில் வரும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். தோட்டத்துக்குப் பன்றி வருகிறது, உண்மைதான். தேவாரம் பக்கம் யானை இறங்கினால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் தூக்கம் போய்விடும், அதுவும் உண்மைதான். ஆனால் அத்தா அந்தத் துப்பாக்கியால் எதையும் கொன்று நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு மண்மேடு உண்டு. அதில்தான் சுடுவார். சத்தத்துக்கே காடு விலகிப்போகும். மனிதனைக் கொல்லச் செய்த ஒரு சாமான், ஒரு மண்மேட்டைத் தவிர வேறு பகையே இல்லாமல் எங்கள் வீட்டில் கிழடாகியிருக்கிறது. அதன் முதுமையைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. அதோடு, எனக்குச் சுடவும் ஆசையாக இருந்தது. இத்தனை வருஷம் குழலைத் துடைத்துவிட்டு ஒரு தடவைகூட அதன் குரலை என் விரலால் எழுப்பியதில்லை. சங்கைத் துடைத்துத் துடைத்து வைப்பவளுக்கு ஒருநாள் ஊதிப் பார்க்கத் தோன்றாதா?

அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். ஆள் கறார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த காயைத் தட்டில் போட்டான்.

"உனக்கு என்னத்துக்குப் புள்ள துப்பாக்கி? கவிதை எழுதுற கையி."

"நம்ம வீட்டுல நடுங்காத கையி இது ஒண்ணுதான இருக்கு."

"ஏன், எங்கையி?"

"ஒங்கையி சத்தம் கேட்டா காதப் பொத்தப் போயிருமே, அண்ணே."

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "வெளையாட்டில்ல. நம்மள மாதிரி வீட்டுல துப்பாக்கி இருக்குன்னா எவன் எப்பிடிப் பேசுவான், எவன் எதப் போட்டோ எடுத்துப் போடுவான்னு தெரியாது. காலம் அப்பிடி இருக்கு. அத்தா காலத்துல யாரும் ஒண்ணும் கேக்கல. இப்பக் கேப்பான். எதுக்கு? குடுத்துருவோம். தல முழுகிருவோம்."

அவன் பயம் பொய்யில்லை என்பது எனக்கும் தெரியும். கடை வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள், கணக்கப்பிள்ளை, தேநீர் கொண்டுவருகிறவர், எல்லாரும் எங்களை மாமா மச்சான் என்று கூப்பிடுகிற ஊர்தான். இருந்தாலும் செல்போனைத் திறந்தால் அதற்குள் வேறொரு ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு எங்களைத் தெரியாது. அண்ணன் இரண்டு ஊரிலும் குடியிருக்கிறான்.

மூலையில் நாற்காலியில் இருந்த அத்தா கேட்டார்: "ஏண்டா, காய மோந்து பாக்காம வெல சொல்லுவியா நீயி?"

"அதெப்பிடி?"

"அப்ப இதயும் மோந்து பாரு. அவ சுடுறத ஒருதரம் வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லு. பாக்காம சொல்லாத."

தொழிலைத் தொட்டுப் பேசினால் அண்ணனால் மறுக்க முடியாது. வருகிறேன் என்றான். சம்மதம் என்று சொல்லவில்லை.

கிளப்பின் சுடும் திடல் மதுரைப் பக்கம், ஒரு மொட்டைக் குன்றின் அடியில் இருந்தது. அண்ணனின் ஜீப்பிலேயே கிளம்பினோம். லைசென்ஸ்காரர் என்பதால் அத்தா முன்சீட்டில், மடியில் குறுக்காகப் பூப்போட்ட சேலை. பின்னால் நானும் அண்ணனும். எங்கள் காலுக்கடியில் மூட்டைகள்.

"இது என்னத்துக்கு அண்ணே?"

"போற வழிதான? தேனியில எறக்கிட்டுப் போயிருவோம். ஜீப்பு சும்மாவா போகும்?"

டிரைவர் பூப்பாறைப் பக்கத்து ஆள். பாதி தமிழ், பாதி மலையாளம், மொத்தமும் உற்சாகம். ஆடிக்காற்று சாலையில் புழுதியைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தது. தேனிக்கு முன்னால் ஓரிடத்தில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தினார்கள். ஓர் இளம் போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னா அது, மடியில?"

"துப்பாக்கி, தம்பி" என்றார் அத்தா, வாழைத்தார் என்று சொல்கிற மாதிரி.

இளைஞரின் முதுகு நிமிர்ந்தது. குரல் இறுகியது. "லோடு இருக்கா?"

அவர் கேட்டது துப்பாக்கிக்குள் இருக்கிற தோட்டாவை. ஆனால் எங்கள் டிரைவருக்கு லோடு என்றால் உலகத்தில் ஒரே அர்த்தம்தான். அவன் பல்லெல்லாம் தெரியச் சொன்னான்: "உண்டு சாரே! ஃபுல் லோடாணு. முதலாளி இன்னும் ரெண்டு கூட்டி ஏத்திச்சு!"

இளைஞர் இரண்டு எட்டு பின்னால் தாவினார். "இறங்கு! எல்லாரும் இறங்கு! கைய மேல தூக்கு!"

பின்னால் நின்ற பஸ்சிலிருந்து தலைகள் நீண்டன. ஒருவர் செல்போனை உயர்த்தினார். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். ஈரப்பதம் எல்லாம் போன காய் மாதிரி இருந்தது. "நாஞ் சொன்னேன்ல" என்றான், உதடு அசையாமல். "நாஞ் சொன்னேன்ல புள்ள."

அத்தாவுக்கு இறங்கவே கை கொடுக்க வேண்டியிருந்தது. "எங்கையி ஆடும் தம்பி. எம்மக காட்டட்டும்" என்றார். இளைஞர் தலையசைத்தார்.

சேலையைப் பிரித்தேன். ஊரே பார்க்கிற இடத்தில் அந்தத் துப்பாக்கியை நான் தூக்குவது அதுதான் முதல் தடவை. குழலை ஆளில்லாத வயல் பக்கம் தரையை நோக்கிச் சாய்த்தேன். போல்ட்டைப் பின்னால் இழுத்தேன். துடைத்துத் துடைத்து அது என் சொல் கேட்கும். தோட்டா உட்காரும் இடத்துக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினேன். அடியிலிருக்கும் தோட்டாப் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன்.

"காலி சார். தோட்டா தனியா, பூட்டுன டப்பாவுல இருக்கு. லோடுன்னு இவரு சொன்னது ஏலக்கா மூட்டைய."

நம்புவதா வேண்டாமா என்று அவர் முகம் தடுமாறியது. அப்போதுதான், நான் குழலைத் திருப்பிக் கட்டையை உயர்த்தியபோது, பித்தளைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. தார்ச்சாலையில் ஏலக்காய் பொலபொலவென்று கொட்டியது. காற்று அதை அவர் பூட்ஸ்வரை உருட்டிக்கொண்டு போனது.

எல்லாரும் அதையே பார்த்தோம்.

"அய்யோ" என்றான் டிரைவர். "லோடு போயி!"

பஸ்சில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். புளியமரத்து நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொரு போலீஸ்காரர் எழுந்து வந்தார். எங்கள் ஊர் ஏட்டய்யா. அன்றைக்கு அவருக்கு அங்கே பந்தோபஸ்து.

"அட, நம்ம வீட்டுப் பொண்ணு! என்னா பாய், இம்புட்டு தூரம்?" என்றவர், இளைஞரின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, போடிக்காரன்கிட்ட லோடுன்னு கேட்டா அவன் காயத்தான்யா சொல்லுவான். தோட்டா இருக்கான்னு கேளு." பேசிக்கொண்டே குனிந்து ஒரு காயைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். அவர் தாடை அசைந்ததில் பழக்கம் தெரிந்தது.

அத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓகோ. இத்தன வருசமா சீரத் தின்ன மாமியா நீங்கதானா?"

ஏட்டய்யாவுக்கு மெல்லுவதா நிறுத்துவதா என்று தெரியவில்லை. "மோப்பம் இழுக்குது பாய். என்ன செய்ய?"

இளைஞர்கூடச் சிரித்துவிட்டார். செல்போனை உயர்த்தியவரிடம் போய், "சினிமாவா ஓடுது இங்க? உள்ள போடுய்யா அத" என்றார். பஸ்சு நகர்ந்தது. ஏட்டய்யா அண்ணன் தோளைத் தட்டினார். "ஏண்ணே இப்பிடி வேர்த்துக் கொட்டுது? ஏறுங்க, வெரசாப் போங்க. வெயிலு ஏறுனா குறி ஆடும்."

திடலில் எங்களுக்காக ஒரு பழைய சுபேதார் காத்திருந்தார். நரைத்த மீசையைத் தவிர அவரிடம் தளர்ந்தது எதுவும் இல்லை. துப்பாக்கியைக் கையில் வாங்கினார். போல்ட்டைத் திறந்து குழலை வானத்துக்குக் காட்டி ஒரு கண்ணால் பார்த்தார்.

"யாரு தொடைச்சது?"

"நாந்தான்."

"ம்" என்றார். பட்டாளத்துக்காரர்களின் 'ம்' ஒரு பக்கக் கட்டுரைக்குச் சமம். "குழல் மாத்துனது. இப்ப இது எட்டு எம்.எம்."

தடுப்பைத் தாண்டியதிலிருந்து வாய் திறக்காத அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "எட்டு எம்.எம்.மா? எட்டு எம்.எம். நம்ம பெரிய காய்ச் சைசாச்சே!"

சுபேதாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் காயைச் சல்லடை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். எட்டு எம்.எம். சல்லடையில் விழாமல் மேலே நிற்கிற காய்தான் ராஜா. அதை அண்ணன் அவருக்கு விளக்கினான். குழலின் வாயைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட விரலை மோந்தான். விலை சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன்.

முக்காட்டை இறுக்கிக் கட்டி, விரிப்பில் குப்புறப் படுத்தேன். மண் சூடாக இருந்தது. கன்னத்தை மரத்தில் வைத்ததும் அந்தக் கீறல் என் தோலில் பதிந்தது. முன்பு விரலுக்குத் தெரிந்தவன் இப்போது கன்னத்துக்குத் தெரிந்தான். அவனும் இப்படித்தான் படுத்திருப்பான். அவன் எதிரில் இன்னொரு பையன் படுத்திருப்பான். என் எதிரில் வெறும் அட்டை, அட்டைக்குப் பின்னால் மண், மண்ணுக்குப் பின்னால் யாரையும் எதற்கும் கேட்காத குன்று. இந்த வித்தியாசத்துக்காக எவனெவனோ செத்திருக்கிறான் என்று நினைத்ததும் மூச்சு ஒரு கணம் தானாக நின்றது. அதற்குள் விசை அழுந்திவிட்டது.

தோளை யாரோ உரிமையோடு பிடித்துத் தள்ளினார்கள். குன்று அதட்டியது. அட்டைக்கு முன்னாலேயே ஒரு பிடி புழுதி எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தது.

"அட்டை அங்க இருக்கு!" என்றார் சுபேதார். "தரைய என்னத்துக்குச் சுடுறீங்க? அது ஏற்கெனவே படுத்துத்தான் கெடக்கு!"

போல்ட்டைத் திறந்தேன். காலித் தோட்டா எகிறிப் போய்ப் புல்லில் விழுந்தது. அந்த வாசனை வந்தது. எரிந்த மருந்து, எண்ணெய், அவற்றுக்கடியில் என் தோள் பக்கத்துப் பொந்திலிருந்து கசியும் ஏலம். காற்று வலப்பக்கமிருந்து அடித்தது. அது ஓய்கிற இடைவெளிக்காகக் காத்திருந்தேன். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவளுக்குக் காத்திருக்க வந்தது அன்றைக்குத்தான். காற்று ஓய்ந்தது. விரல் இழுத்தது எனக்கே தெரியாமல் நடந்தது. அட்டை மெல்லத் தலையாட்டியது.

பிறகு சுட்டவையெல்லாம் அட்டையில்தான் பட்டன. கைக்குட்டைக்குள் அடங்கவில்லை. ஒரு தலையணைக்குள் அடங்கின. சுபேதார் அட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொழைச்சுக்குவீங்க." அதுதான் தேர்ச்சி.

"காலிக் கேஸெல்லாம் கொண்டாங்க, ஒப்படைக்கணும்" என்றார். புல்லில் தேடித் தேடி எடுத்தோம். ஒன்று அகப்படவில்லை. அப்போது அண்ணன் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்தேன். பிறகு அந்தக் காலை உதறினான். பிறகு திடலில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"முதலாளி டான்ஸ் களிக்குது!" என்றான் டிரைவர்.

"சுடுதுடா! தொடை சுடுதுடா!" என்று அண்ணன் சட்டைக்கடியில் கைவிட்டு, பேன்ட் பையிலிருந்து ஒரு பித்தளைத் தோட்டாக் கூட்டை வெளியே எறிந்தான். கடைசிக் குண்டு சுட்டதும் சூட்டோடு எடுத்து யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறான். அத்தா சிரித்த சிரிப்பில் அவர் உடம்பு முழுவதும் நடுங்கியது. அன்றைக்கு அந்த நடுக்கம் அழகாக இருந்தது.

அண்ணன் குனிந்து அதைத் திரும்பப் பொறுக்கினான். சுபேதாரிடம் கொடுக்குமுன் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் ஆழமாக இழுத்தான். "என்னமோ ஒரு வாசனைடா இது" என்றான், யாரிடமும் இல்லாமல்.

திரும்பி வரும்போது சம்மதத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "தோளு வலிக்குதா?" என்று ஒரு தடவை கேட்டான். போடிக்குள் நுழைந்து கடை வாசலில் வண்டி நின்ற பிறகுதான், தேனியில் இறக்க வேண்டிய மூட்டைகளின் மேலேயே நாங்கள் காலை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருப்பது தெரிந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை லோடு என்ற சொல்லை அவன் சொல்லவில்லை.

என் சான்றிதழ் வந்தது. அண்ணன் வாயிலிருந்து சம்மதம் மட்டும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

அதற்குள் அடுத்த தேர்தலை அறிவித்துவிட்டார்கள். சுவர்கள் வெளுத்தன. இந்த முறை போனால், யார் பேருக்கு என்று முடிவாகாமல் அது திரும்பி வராது. அன்று காலை கூடத்தில் பாய் விரித்துக் கயிறை இழுத்துக்கொண்டிருந்தேன். அத்தா பக்கத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். கையில் ஒரு சின்னத் துணிப்பை. உட்கார்ந்து, தானே பித்தளைக் கதவை நெம்பினான். நகம் பழகாததால் இரண்டு தடவை வழுக்கியது. பையிலிருந்து பச்சைப் பசேலென்று பெரிய காய்களை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டான்.

"எட்டு எம்.எம்." என்றான். "அதுக்கு அதுதான் பொருத்தம்."

சுற்றிய துப்பாக்கியை நான் எடுக்கப் போனேன். அவன் முந்திக்கொண்டான். ஜீப்பை எடுக்கவில்லை. கடைத்தெரு வழியாக நடந்தே போனோம், பட்டப்பகலில், அண்ணன் முன்னால், அவன் இரண்டு கையிலும் அம்மாவின் பூப்போட்ட சேலை. அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். அந்தத் தெரு அவனுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் காது மடல் சிவந்திருந்தது. பலசரக்குக் கடையில் இருந்து ஒருவர் கூப்பிட்டார்: "என்னா மாப்ளே, பொண்ணு மாமியா வீட்டுக்கா?"

அண்ணன் நின்றான்.

"ஆமா மாமா" என்றான் சத்தமாக. "நாளும் பாத்தாச்சு." கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டப் போனார். வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமைதான் எத்தனை பெரிய சீர்!

ஸ்டேஷனில் ஏட்டய்யா சேலையைப் பிரித்தார், எண் சரிபார்த்தார், அடையாளச் சீட்டைக் கட்டினார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைப் பக்கம் போனவர், கம்பிக் கதவுக்கு முன் நின்று திரும்பினார்.

"அப்பறம், மறுவீட்டுக்கு யாரு வர்றீக? பாய இந்த வயசுல அலைய விடாதீக."

நான் தரையைப் பார்த்தேன். அத்தா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அந்தக் கட்டையின் அடியிலிருந்த பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தங்கச்சிதான் வருவா, ஏட்டய்யா. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, எங்க வேணாலும் வந்து சொல்றேன். அவ கையிலயே குடுங்க. காயத் தின்னுப்புட்டு வெறும் பொந்தாக் குடுத்துராதீக."